பாப்புவின் மழைக்கோட்டு

ஆணிக்காரருக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். மீதியை அவர் வாங்கிய முதல் கம்பி வெட்டும் எந்திரம் தின்றுவிட்டது. அவர் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. "முதல் போடாம தொழில் நடத்த முடியுமா?" என்று அந்தப் பாதி விரலை ஆட்டிக் காட்டிச் சிரிப்பார். ஒரு தகரக் கொட்டகையில் தம்பியும் அவருமாக ஆணி செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஐம்பது வயதில் அண்ணன் ஆணி, கம்பி, சங்கிலி என்று மூன்று ஆலைகளுக்கு முதலாளி. தம்பி அவற்றில் ஒன்றில் சரக்கு அனுப்பும் பகுதியில் மேற்பார்வையாளர். ஒரே கொட்டகையில் கிளம்பிய இருவர் இப்படி ஆனது எப்படி என்று அண்ணனைக் கேட்டால், "அவனுக்கு முடிவு எடுக்க வராது" என்பார். தம்பியைக் கேட்டால், "அண்ணன் சொல்றது சரிதான்" என்பார். கேட்டவருக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

குதிரைப் பித்தும் அவருக்கு ஆணியால் பிடித்ததுதான். லாடத்துக்கு அடிக்கும் ஆணியும் அவர் சரக்கு. இளவயதில் ஒருநாள், பந்தயத் திடலில் லாடம் கட்டுகிறவர் ஒரு பிடி ஆணியை அள்ளி அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்தார். "உன் ஆணி பாதியிலே முறியுது. முறிஞ்ச துண்டு குளம்புக்குள்ள இருந்தா என்ன ஆகும்னு நின்னு பாரு" என்றார். நின்று பார்த்தார். ஒரு செம்பழுப்புக் குதிரை மூன்று காலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டை நோண்டி எடுத்து முடிக்கிறவரை அது தன் மூக்கை இவர் தோளில் வைத்து மூச்சுவிட்டபடி இருந்தது. வலி கொடுத்தவன் தோளிலேயே சாய்ந்து வலி ஆறுகிற பிராணியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. "அன்னிக்குப் பிடிச்ச சனி" என்பது அவர் மனைவியின் கட்சி.

கையில் காசு சேர்ந்ததும் ஊருக்கு வெளியே புல்வெளி வாங்கினார், லாயம் கட்டினார், அதன் பக்கத்திலேயே நீண்ட வராந்தா வைத்து வீடும் கட்டிக்கொண்டார். அவர் பண்ணைக் குதிரைகள் கோப்பைகளை வாங்கிக் குவித்தன. ஆனால் ஜெயிப்பது அவருக்கு இரண்டாம் பட்சம். எதை எதோடு சேர்த்தால் என்ன பிறக்கும் என்பதில்தான் அவர் உயிர் இருந்தது. நாளடைவில் மனிதர்களையும் அந்தக் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆலைக்குப் புது மேலாளர் வேண்டுமென்றால் வந்தவனின் படிப்பைக் கேட்கமாட்டார். "உங்கப்பா எப்படி? கடைசிவரைக்கும் ஓடினாரா, பாதியிலே நின்னுட்டாரா?" என்பார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ பல்லைப் பிடிச்சுப் பார்க்காததுதான் பாக்கி" என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்லுவாள். அந்த வீட்டில் சிரிப்பு இருந்த காலம் அது.

அவர்களுக்கு ஒரே மகள். பாப்பு என்று கூப்பிட்டார்கள். வளர்ந்து ஆளாகி, பண்ணையையே தனியாக நடத்தத் தொடங்கிய பிறகும் பாப்புதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிற பெண். லாயத்துக்குள் நுழையும்முன் நாக்கை மடித்து 'டக், டக்' என்று இரண்டு முறை சொடுக்குவாள். திடீரென்று ஆள் வந்தால் குதிரை மிரளும், அதற்காக. அந்தச் சத்தம் கேட்டதும் லாயத்தில் உள்ள எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பும். ஆணிக்காரரின் தலையும் திரும்பும்.

ஒரு மழைக்காலத்தில் பாப்புவுக்குக் காய்ச்சல். அன்று காலை பண்ணையின் பெருமைக்குரிய பெண் குதிரை ஒன்று குட்டி போடும் நிலையில் இருந்தது. ஆணிக்காரர் மகளின் அறைக் கதவைத் தட்டினார். "எழுந்து வாடா. இதை விட்டா திரும்பக் கிடைக்காது. குதிரை வாசனை பட்டாலே காய்ச்சல் ஓடிப்போயிடும்" என்றார். "வேண்டாங்க, படுத்திருக்கட்டும்" என்றாள் மனைவி. பாப்பு எழுந்தாள். பச்சை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் போனாள். பொழுது சாயும்வரை ஈர வைக்கோலில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழகான குட்டி பிறந்தது. பாப்புவின் நெஞ்சில் சளி கட்டியது. அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று ஒரு பழமொழி உண்டே, அதை ஆலையில் யாரோ கிசுகிசுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவர் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. குழி பறித்தது குதிரை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. மனைவி அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை, அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். "சாப்பாடு எடுத்து வச்சாச்சு." "ஆலையிலேருந்து கூப்பிட்டாங்க." சுவருக்குத்தான் எல்லாத் தகவலும் போயிற்று. சாப்பாட்டு மேசையில் பாப்புவுக்கான மூன்றாவது தட்டை மட்டும் தவறாமல் எடுத்துப் போடுவாள். சாப்பிட்டு முடித்ததும், ஒரு பருக்கைகூடப் படாத அந்தத் தட்டையும் சேர்த்துக் கழுவி வைப்பாள்.

ஆணிக்காரருக்கு வேறொரு தொல்லை. வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து 'டக், டக்' என்று கேட்கும். திரும்பினால் கொக்கியில் பச்சை மழைக்கோட்டு தொங்கும். அதன் கீழே மூட்டுவரை உயர்ந்த சேற்றுக் காலணிகள் ஜோடியாக நிற்கும். காற்றில்லாத நாளிலும் கோட்டின் ஒரு கை லேசாக ஆடுகிற மாதிரி அவருக்குத் தோன்றும். அதைக் கழற்றி உள்ளே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மனைவிக்கும் வரவில்லை. வெளியே ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், தன் வீட்டு வராந்தாவில் ஒரு கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார அஞ்சினார்.

அடுத்த ஆண்டு குட்டி போடும் பருவத்தில் இரண்டு காரியம் ஒரே நாளில் நடந்தது. ஒரு குதிரை குட்டியைப் போட்டுவிட்டுச் செத்தது. பக்கத்துக் கொட்டிலில் இன்னொன்றுக்குக் குட்டி செத்தே பிறந்தது. ஒருபக்கம் பால் கட்டிய மடி, மறுபக்கம் பால் இல்லாத குட்டி. சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நமக்குத் தோன்றும். குதிரைக்கு அப்படித் தோன்றாது. அடுத்தவள் குட்டி மடிக்கு வந்தால் எட்டி உதைத்துக் கொன்றே போடும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஆணிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே அதைச் செய்தார். செத்த குட்டியின் தோலை உரித்து, காலுக்குத் துளை விட்டு, உயிரோடு இருந்த குட்டிக்கு ஸ்வெட்டர் மாதிரி மாட்டி, வயிற்றுக்கு அடியில் சணல் கயிற்றால் கட்டினார்.

தாய்க்குதிரை முகர்ந்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, மறுபடி முகர்ந்தது. வாலிலிருந்து கழுத்துவரை முகர்ந்தது. பிறகு அடித்தொண்டையில் மெல்லக் கனைத்து, தன் செத்துப்போன பிள்ளையின் தோலை நக்க ஆரம்பித்தது. அந்தத் தோலுக்குள் இருந்த குட்டி மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

லாயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆணிக்காரர் மட்டும் கொட்டில் கதவைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். அவர் தலையில் அப்போது விழுந்த எண்ணம் வேறு எந்த மனிதனுக்கும் வந்திருக்காது. குதிரை வளர்க்கிறவனுக்கு மட்டும்தான் வரும். அதிலும் கெட்டிக்காரனுக்குத்தான் வரும். முட்டாள் இவ்வளவு தூரம் யோசிக்கமாட்டான்.

தம்பிக்கு ஒரு மகள் இருந்தாள். பாப்புவின் வயதுதான், அதே உயரம்தான். வாயாடி என்று பெயர் வாங்கியவள். அவள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அவள் பேச்சு வந்துவிடும். அவளோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இறங்குவதற்குள் தங்கள் குடும்பக் கதை முழுவதையும் சொல்லியிருப்பார்கள். துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தாள்.

ஆணிக்காரர் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். "உன் பொண்ணைக் கொஞ்ச நாளைக்கு எங்கூட அனுப்பு. உங்க அண்ணிக்கு ஒரு துணையா இருக்கட்டும்" என்றார்.

தம்பி மகளைப் பார்த்தார். மகள் 'வேண்டாம்' என்று கண்ணாலேயே சொன்னாள். "அண்ணா சொன்னா சரிதான்" என்றார் தம்பி.

அவள் வந்திறங்கிய அன்று தூறல். "கொட்டிலைப் பார்க்கலாம் வாம்மா" என்று கூப்பிட்ட ஆணிக்காரர், வராந்தாக் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டார். காலணிகளையும் நகர்த்தி வைத்தார். "பெரியப்பா, இது பாப்பு அக்காவோடது இல்ல?" என்றாள் அவள். "நனைஞ்சிடப் போறே, போட்டுக்கோ" என்றார். கோட்டின் சுருக்கத்தை அவர் தடவித் தடவி நீவிவிட்டதை அவள் பார்த்தாள். வாயாடிதான், ஆனால் கல்நெஞ்சக்காரி இல்லை. பேசாமல் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். ஈரக் கோட்டைப் பார்த்தாள். அருகே வந்து அதன் காலரை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். ஆணிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள வா. தலையைத் துவட்டணும்" என்றாள் மனைவி. சுவரிடம் சொல்லவில்லை, பெண்ணிடம் சொன்னாள். அன்றைக்கு மூன்றாவது தட்டில் சோறு விழுந்தது. அன்று இரவு ஆணிக்காரர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. பாப்பு போட்டுக் குளித்த சோப்பு, தேய்த்த தலை எண்ணெய், பாப்புவின் அறை, பாப்புவின் நாற்காலி. எதையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. அவள் வாயாடியாக இருக்கும்போது அவர் முகம் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடும். அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த முகம் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். லாயத்தில் குதிரைகள்கூடக் கோட்டை மாட்டிக்கொண்டு போனால் கிட்டே வந்தன, கழற்றிவிட்டுப் போனால் விலகி நின்றன. "பெரியப்பா சொல்றபடி நடந்துக்கோம்மா, அவர் மனசு நொந்து போயிருக்கு" என்று அவள் அப்பா வேறு போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். தான் யாருக்கும் தேவைப்படாத இடத்தில் ஒரு பெண் எத்தனை நாள் தானாகவே இருந்துகொண்டிருப்பாள்? பேச்சு குறைந்தது. நடை மாறியது. ஒருநாள் மாலை ஆணிக்காரர் வராந்தாவில் இருந்தபோது பின்னால் 'டக், டக்' என்று கேட்டது. திரும்பினார். கோட்டுக்குள் ஆள் இருந்தது.

"பாப்பு" என்றார் தம்மை மீறி.

"என்னப்பா?" என்றாள் அவள்.

வேறு யாராயிருந்தாலும் முதுகெலும்பு சில்லிட்டிருக்கும். நாக்கைச் சொடுக்குவதை லாயத்து ஆட்களிடமிருந்து அவள் பிடித்திருக்கலாம், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த 'அப்பா'வை யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஆணிக்காரர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "ஒண்ணுமில்லடா" என்றார். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, இவருக்கு விடிந்துவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டில் அமானுஷ்யம் அதிகமாயிற்று. வேலைக்காரி பாப்புவின் அறையைப் பெருக்கப் போவதற்குப் பயந்தாள். உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை என்றாள். கண்ணாடி முன்னால் அந்தப் பெண் நெடுநேரம் அசையாமல் நிற்பாளாம், எதையோ தேடுகிற மாதிரி. ஆணிக்காரர் வேலைக்காரியை மாற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளைப் பார்க்க வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். மேசையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்க, மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். லாயத்திலிருந்து வந்த பெண் கோட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தாள். தம்பி முகம் மலர எழுந்து நின்றார்.

"வாங்க சித்தப்பா. எப்ப வந்தீங்க?" என்றாள் அவள்.

தம்பி சிரித்தார். மகளின் குறும்பு அவருக்குத் தெரியாதா? "என்னடி, அப்பனையே கிண்டல் பண்றியா?" என்று கையை நீட்டினார். அவள் சிரிக்கவில்லை. எங்கே தப்புச் செய்தோம் என்று தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி ஆணிக்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. தம்பியும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அப்படிப் பார்த்தே பழகியவர். பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "இப்பத்தான் வந்தேம்மா" என்றார். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். அதை முழுங்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. மனைவி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி கிளம்பிப் போன பிறகு ஆணிக்காரர் லாயத்தில் போய் நின்றார். மகள் போனதிலிருந்து லாயத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத மனைவி, வெயிலில் தனியாக நடந்து அங்கே வந்தாள். கொட்டிலில் அந்தக் குட்டி, சொந்தத் தோலோடு, தாய்க்குதிரையின் வயிற்றில் தலையால் முட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் போட்ட தோலை எப்ப எடுத்தீங்க?" என்றாள். நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. "மூணாம் நாளே எடுத்துட்டேன். வச்சிருந்தா அழுகிடும். உள்ள இருக்கற குட்டிக்குச் சீக்கு வந்துடும். அதுக்குள்ள பால் குடிச்சு, குட்டியோட வாசனையே தாய்க்குப் பழகிடும்."

"அப்ப நம்ம வீட்டுல ஏன் எடுக்கல?"

அவர் திரும்பிக் குட்டியைப் பார்த்தார்.

"நான் மோந்து பார்த்து ஏமாந்துட்டேன்னு நினைச்சீங்களா? எம்பொண்ணு வாசனை எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ள மழையிலே நடுங்கிட்டு நின்னுச்சு, உள்ள கூப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி நீங்க தூங்கினீங்க. ஒரு வருஷம் கழிச்சுத் தூங்கினீங்க. அதைப் பார்த்து நானும் வாயை மூடிக்கிட்டேன், அது என் பாவம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏமாந்தது நீங்கதாங்க. தோலை மாட்டிவிட்டதும் நீங்க, முகர்ந்துட்டு நிக்கிறதும் நீங்க. நம்ம பொண்ணைத்தான் கொண்டுபோய்க் கொடுத்துட்டோம். உங்க தம்பி பொண்ணையாவது உயிரோட திருப்பிக் கொடுங்க."

'கொடுத்துட்டோம்' என்றாள். 'கொடுத்துட்டீங்க' என்று சொல்லவில்லை. அந்த ஒரு தயவைத் தாங்கமாட்டாமல் அவர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கோட்டைக் கழற்றி வாங்கிவிடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைக் கழற்றினால் உள்ளே பாப்பு இருக்கமாட்டாள். வராந்தாவில் யாரும் 'என்னப்பா' என்று கேட்கமாட்டார்கள். மூன்று ஆலைகளை நடத்தும் அந்த மனிதர், லாயத்திலிருந்து வீட்டுக்கு வருகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் மூன்று இடத்தில் நின்றார். அண்ணனுக்கும் முடிவு எடுக்க வராத நேரம் உண்டு.

அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னப்பா?" என்றாள்.

"நான் உன் அப்பா இல்லம்மா" என்றார். "உன் அப்பா சாப்பிட்டுப் போனாரே, அவர்தான். பாப்பு செத்துப்போயிட்டா. காய்ச்சலோட படுத்திருந்தவளை நான்தான் எழுப்பி மழையிலே கூட்டிட்டுப் போனேன். அவ செத்துப்போயிட்டா. நீ அவ இல்ல."

அவள் கோட்டின் பித்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தாள். கதவுக்கு அந்தப்புறம் மனைவி நிற்பது அவருக்குத் தெரிந்தது. இந்தப் பெண் இனிமேல் பழைய வாயாடியாகத் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று பயந்தார்.

"பெரியப்பா" என்றாள் கடைசியில். "அந்தக் காலணி எனக்குப் பெரிசு."

"பெரிசா?"

"ரெண்டு விரல் பெரிசு. முன்னாடி பஞ்சு வச்சுட்டுத்தான் நடக்கிறேன். குதிகாலெல்லாம் தோல் வழண்டு போச்சு." அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு பேச்சும் வந்தது. "எனக்குக் குதிரைன்னாலே பயம் பெரியப்பா. கிட்ட வந்தா கடிச்சிடுமோன்னு இருக்கும். அந்த எண்ணெய் வாசனை எனக்கு ஆகவே ஆகாது, தலையை வலிக்கும். கடையிலே என் வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம். எங்கூட வேலை பார்க்கிறவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சு, நான் போகவே இல்ல, அவ என்ன நினைச்சிருப்பா? அப்பாகிட்ட நான் என்ன சொன்னேன் இன்னிக்கு? நான் என்ன சொன்னேன்?"

அவள் பேசினாள். அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. பாப்பு ஒருபோதும் பேசாத பேச்சு. பாப்புவுக்கு வரவே வராத குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் மகள் அந்த வராந்தாவை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். போதும், நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, ஆணிக்காரர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம்? சொல்லும்மா" என்றார்.